ஷாட்டைத் திருப்பினால் சிறுத்தை மாறிவிடும்

கேள்வி: வால்பாறை எஸ்டேட் பங்களாவில் மூன்று இரவுகள் ஒரு சிறுத்தையிடம் மாட்டிக்கொள்ளும் குடும்பத்தின் கதையைச் சின்ன பட்ஜெட்டில் எடுத்திருக்கிறோம். சிறுத்தை பாதி சிஜி (கணினியில் உருவாக்கியது), பாதி விலைக்கு வாங்கிய ஃபுட்டேஜ். பார்த்தவர்கள் ‘ஷாட்டுக்கு ஷாட் வேறு சிறுத்தை’ என்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: எத்தனை ஷாட்டை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார் என்று முதலில் எடிட்டரைக் கேளுங்கள். சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகள் வேறு, வலப்பக்கப் புள்ளிகள் வேறு. காட்டில் தானியங்கி கேமராவில் பதிவாகும் சிறுத்தையை இன்னதென்று பிரித்தறிவதே அவற்றை வைத்துத்தான். ஷாட்டைத் திருப்பினால் அந்த முகவரி அழிகிறது.

சிஜி உருவத்தின் இடம், வலம், முகம் மூன்றையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் விலா, தொடை, கன்னம் மூன்றையும் ஒப்பிடுங்கள். பொருந்தாததில் வால், பாதம், பின்னொளி நிழல் மட்டும் தெரியும்படி வெட்டுங்கள். வெட்ட முடியாததை சிஜியில் புதிதாகச் செய்யுங்கள்.

கருஞ்சிறுத்தையாக மாற்றிவிட்டால் தொல்லை தீருமா என்று பலர் யோசிப்பார்கள். பாதிதான் தீரும். அதுவும் சிறுத்தையேதான், கறுப்புக்குள் புள்ளிகள் இருக்கின்றன. சாய்வான வெயிலில் தெரியும், அகச்சிவப்பு கேமராவில் பளிச்சென்று தெரியும். உங்கள் கதையில் சிசிடிவி இரவுக் காட்சி இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். மழை இருட்டு, தூரத்து ஷாட் என்றால் மட்டும் தாராளமாகத் திருப்பலாம்.

அடுத்து, ஃபுட்டேஜ் விற்கும் ஏஜென்ட். சிறுத்தை என்று சொல்லி ஜாகுவாரைத் தலையில் கட்டிவிடக்கூடும். ஜாகுவார் அமெரிக்கக் கண்டத்து விலங்கு. அதன் வளையப் புள்ளிகளுக்குள் சின்னப் பொட்டுகள் இருக்கும், தலை அகலம், கால் குட்டை. சிறுத்தையின் வளையத்துக்குள் பொதுவாகப் பொட்டு இருக்காது. எந்த விலங்கு, எங்கே எடுத்தது, அடைப்பில் உள்ளதா, தியேட்டருக்கும் ஓடிடிக்கும் உரிமை உண்டா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கண்மணியையும் பாருங்கள். வீட்டுப் பூனைபோல் செங்குத்துக் கீற்றாக வைத்திருந்தால் தவறு, சிறுத்தைக்கு அது வட்டம். ஒலியில் சிங்க கர்ஜனையை எடுத்துவிடுங்கள். சிறுத்தையின் குரல் மரம் அறுக்கும் ரம்பம்போல் விட்டுவிட்டு வரும். அதற்கு முன்னால் கடமானோ கேளையாடோ எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் போதும், பயம் தானாக வரும்.

நிலவு: முதல் இரவு பௌர்ணமி என்றால் மூன்றாம் இரவில் பிறை வராது. ஏறக்குறைய முழு நிலவுதான், ஆனால் சுமார் ஒன்றரை மணி நேரம் தாமதமாக எழும். அந்த இருட்டு உங்கள் கதைக்கு லாபம்.

கடைசியாக, அனுமதி. சிறுத்தையைப் பழக்கி நடிக்கவைக்க 1998 முதல் தடை. சிஜிதானே என்று விட்டுவிட்டால் சென்சாரில் நிற்பீர்கள். சிஜி செய்வதற்கு முன்னும் பின்னும் உள்ள காட்சிகள், விஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் கடிதம் இரண்டையும் இப்போதே எடுத்துவையுங்கள். விலங்குக் காட்சிகளுக்குத் தடையில்லாச் சான்று (என்ஓசி) தரும் விலங்குகள் நல வாரியம் சென்னையில் இருந்தவரை நேரில் போய்க் கேட்க வழியிருந்தது. 2018இல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. சிறு தயாரிப்பாளர் அங்கே போய் நிற்க முடியுமா? இந்த இடைவெளியில்தான் ‘என்ஓசி வாங்கித் தருகிறேன்’ என்று தரகர்கள் நுழைகிறார்கள். அவர்கள் அனுப்புவதும் நீங்கள் கொடுக்கும் அதே காகிதங்களைத்தான். விண்ணப்பத்தை உங்கள் பெயரில் நீங்களே போடுங்கள்.