புதிய பெட்டியில் சிதறும் துளைகள்: .22 தோட்டாவில் கைவைக்கலாமா?

50 மீட்டர் படுத்த நிலைப் போட்டிகளில் சுடும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “போன பருவம் முழுக்க என் .22 ரைஃபிள் இலக்கின் நடுவட்டமான பத்துக்குள்ளேயே நின்றது. அதே நிறுவனம், அதே வகைத் தோட்டாதான். புதிய பெட்டியைப் பிரித்ததிலிருந்து துளைகள் மேலும் கீழுமாக நீள்கின்றன. பெரிய ரைஃபிள் சுடும் நண்பர்கள் வெடிமருந்தைத் தாங்களே நிறுத்துப் போட்டுத் தோட்டா தயாரிக்கிறார்கள். நானும் குண்டைக் கழற்றி மருந்தைச் சரிசெய்யலாமா? எடைபோட்டுப் பிரித்தால் பலன் உண்டா?”

கழற்றவே கழற்றாதீர்கள். உங்கள் நண்பர்களின் சென்டர்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் பிரைமர் தனிக் கிண்ணமாக அடியில் பொருந்தியிருக்கும். சுட்ட பிறகு அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம். .22 ரிம்ஃபயர் அப்படியல்ல. பற்றவைப்புக் கலவை, தோட்டாவின் உறையான குப்பியின் மடிந்த விளிம்புக்குள்ளேயே பரவிப் படிந்திருக்கிறது. சுடும்போது ஊசி அந்த விளிம்பை நசுக்குவதால்தான் அது பற்றுகிறது. அந்தக் குப்பி அத்தோடு முடிந்தது. சுடாத தோட்டாவைக் கருவியால் பிடித்து இழுத்தால் அதே விளிம்பு உங்கள் கையிலேயே நசுங்கக்கூடும். விபத்து நேராவிட்டாலும், மென்மையான ஈயக் குண்டை ஒருமுறை அசைத்துவிட்டால் குப்பி அதைப் பிடித்திருந்த இறுக்கம் திரும்பி வராது. தொழிற்சாலை தந்த சீர்மையை நாமே கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம்.

கைத்தோட்டாக்காரர் தன் குழலுக்கேற்ப மருந்தை மாற்றுகிறார். நாமோ நம் குழலுக்குப் பிடித்த தோட்டாவைத் தேடிப் பிடிக்கிறோம். தேட வேண்டியது பெட்டியின் பெயரை அல்ல, அதில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்ணை. ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் இடையே பற்றவைப்புக் கலவை, மருந்து, ஈயம், மெழுகுப் பூச்சு என ஏதாவது ஒன்று நுட்பமாக மாறியிருக்கும். விலை உயர்ந்த வகைகளும் இதற்கு விலக்கல்ல. பக்கத்துத் தடத்தில் சுடுபவருக்கு அற்புதமாக அமைந்த லாட் உங்கள் குழலில் சுமாராகப் போகலாம். முன்னணித் தயாரிப்பாளர்கள் சுடுநரின் ரைஃபிளையே வாங்கிப் பொருத்தி, பல லாட்டுகளைச் சுட்டுப் பார்க்கும் சோதனைக் கூடங்களை நடத்துவதற்குக் காரணம் இதுதான்.

துளைகள் ஏன் மேலும் கீழுமாகவே விலகுகின்றன? போட்டித் தோட்டாவின் 40 கிரெயின் குண்டு, அதாவது சுமார் 2.6 கிராம், ஒலியின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, வினாடிக்கு ஏறத்தாழ 325 மீட்டரில் புறப்படுகிறது. 50 மீட்டரைக் கடக்க அதற்கு ஆறில் ஒரு பங்கு வினாடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. ஒரு தோட்டா இன்னொன்றைவிட வினாடிக்கு 3 மீட்டர் மெதுவாகப் போனால், இலக்கில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் தாழ்ந்து விழும். 50 மீட்டர் இலக்கில் பத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், ஒவ்வொரு 0.8 மில்லிமீட்டருக்கும் ஒரு தசமம், அதாவது 0.1 புள்ளி, போகிறது. வேகத்தில் ஒரு விழுக்காடு பிசகினால் மூன்று தசமம் கைவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதே அடையாளம் வேறு இடத்திலிருந்தும் வரலாம். படுத்த நிலையில் மூச்சு நிற்கும் இடம் மாறினாலும், தோள்தட்டு கொஞ்சம் இறங்கினாலும், ரைஃபிளின் உலோகப் பகுதியைக் கட்டையோடு பிணைக்கும் திருகு தளர்ந்தாலும் துளைகள் இப்படித்தான் நீளும். திருகுகளை முதலில் பாருங்கள். பிறகு மேசையில் முன்தாங்கியும் பின்பையும் வைத்துச் சுடுங்கள். அங்கே குரூப், அதாவது துளைகளின் கூட்டம், வட்டமாக வந்தால் கோளாறு உங்கள் நிலையில். தோட்டாவைக் குறை சொல்ல வேண்டாம்.

பெரும்பாலோர் தவறுவது லாட் சோதனையில்தான். ஐந்து ஐந்தாக இரண்டு குரூப் சுட்டுவிட்டு முடிவெடுக்கிறார்கள். நானும் அப்படி எடுத்திருக்கிறேன்: காகிதத்தில் ஐந்து துளைகள் ஒன்றாகி ஒரே கிழிசலாகத் தெரிந்ததைப் பார்த்து ஒரு முழுப் பெட்டகம், 5000 தோட்டா, வாங்கிவிட்டேன். அந்தப் பருவம் முழுக்கக் காரணம் தெரியாத ஒன்பதுகள் விழுந்துகொண்டே இருந்தன. கணக்கு எளிது. சராசரியாக 16 மில்லிமீட்டர் ஐந்து-துளை குரூப் தரும் லாட், எந்த மாற்றமும் இல்லாமலே ஒருமுறை 12 தரும், இன்னொரு முறை 20 தரும். இரண்டும் தற்செயல்தான். அதே லாட்டில் பத்துப் பத்தாகச் சுட்டால் சராசரி 20 மில்லிமீட்டர் ஆகும். எனவே ஐந்தோடு பத்தை ஒப்பிடவே கூடாது.

ஒரு லாட்டுக்குக் குறைந்தது நாற்பது தோட்டா ஒதுக்குங்கள். நான்கு பத்துகளாகச் சுடுங்கள். லாட் மாறும்போது எண்ணப்படாத பத்து, பதினைந்து தோட்டாக்களை முதலில் செலவழியுங்கள். குழலின் உட்சுவரில் பழைய மெழுகு போய்ப் புதிய மெழுகு படிய அவ்வளவு தேவைப்படும். வேறு நிறுவனத்தின் தோட்டாவுக்கு மாறினால் இன்னும் கூடுதலாக. காலை ஒரு லாட்டையும் மதியம் இன்னொன்றையும் சுட்டு ஒப்பிடாதீர்கள். அ, ஆ என்று இரண்டு லாட் இருந்தால் அ, ஆ, ஆ, அ என்ற வரிசையில் சுட்டால் காற்றும் வெப்பமும் இரண்டுக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்காகும். தோட்டாவைக் குழலின் பின்முனை அறைக்குள் தள்ளிவிட்டு நேரம் கடத்தாதீர்கள்: சூடேறிய குழலில் மெழுகு இளகும், வேகமும் மாறும்.

சுட்ட நான்கு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறிமையம் பொருந்த அடுக்கி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தனித்தனியே பார்க்கும்போது தப்பிப்போன உண்மை அங்கே கண்ணில் படும். நல்ல லாட்டில் நாற்பதும் நடுவில் அடர்ந்து, விளிம்பில் மெலிந்து, உருண்டையாக இருக்கும். மோசமான லாட்டில் முப்பத்தாறு அழகாக இருந்து, நான்கு மட்டும் கீழே தனியாகத் தொங்கும். போட்டியைத் தோற்கடிப்பவை அந்த நான்குதான். மிகச் சிறிய குரூப்பைக் காட்டிய லாட்டை அல்ல, தொங்கல் இல்லாத லாட்டையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வேகமானி இருந்தால் வேகங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் தீர்ப்பைக் காகிதத்திடம் விடுங்கள். சுடும்போது குழல் அதிர்கிறது. அதன் வாய் மேல்நோக்கி எழும் கணத்தில் குண்டுகள் வெளியேறினால், சற்றுத் தாமதமாக வரும் மெதுவான குண்டு கொஞ்சம் உயரமாகவே கிளம்பி, தன் வீழ்ச்சியைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். அதனால்தான் வேகத்தில் சுமாரான லாட் ஒன்று சில குழல்களில் வியப்பூட்டும் வகையில் கூடி விழுகிறது.

எடைபோட்டுப் பிரிப்பதும் விளிம்புத் தடிமனை அளப்பதும் மலிவான தோட்டாவில் ஓரளவு உதவலாம். தராசு மொத்த எடையைத்தான் காட்டும். மாறியது ஈயமா, பித்தளையா, மருந்தா என்று சொல்லாது. நல்ல போட்டித் தோட்டா என்றால், அதற்குச் செலவாகும் மாலை நேரத்தைப் பயிற்சிக்குக் கொடுங்கள் என்பேன்.

சோதனையின்போது தோட்டா பற்றாவிட்டால், குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருந்து பிறகு திறங்கள். பற்றவைப்புக் கலவையிலும் குண்டிலும் ஈயம் இருப்பதால் சுட்டபின் கையைக் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

பழைய லாட்டில் ஒரு பெட்டியாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் உங்கள் கேள்விக்கு ஒரே காலையில் விடை கிடைத்துவிடும். பழையது, புதியது, புதியது, பழையது என்று மேசையிலிருந்து சுடுங்கள். பழையது இன்னும் உருண்டையாக விழுந்தால், புதிய பெட்டிகளைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, நான்கைந்து லாட்டுகளிலிருந்து தலா ஒரு பெட்டி வாங்கிச் சோதியுங்கள். தேறியதில் அடுத்த பருவத்துக்கு வேண்டிய அளவையும் ஒரே தடவையில் வாங்கி, வெப்பமும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். பழையதும் நீண்டு விழுந்தால் குழலைச் சுத்தம்செய்து, திருகுகளை மறுபடி சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, அதே வரிசையில் இன்னொரு முறை சுடுங்கள். அதற்கு முன் புதிய லாட் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள்.