தினசரி வாழ்க்கையில் சும்மா இருக்கப் பழகுவது எப்படி?

தியானம் என்று உட்கார்ந்தால் மனம் இன்னும் அதிகமாக அலைகிறது, அதற்கென்று நேரமும் ஒதுக்க முடியவில்லை, வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. தனி நேரம் தேடுவதை முதலில் விடுங்கள். சின்னச் சின்ன இடைவெளிகள் நாள் முழுக்க இருக்கத்தான் செய்கின்றன. நாம்தான் ஒன்று விடாமல் மொபைலைப் போட்டு அடைத்துவிடுகிறோம்.

லிஃப்டுக்காக நிற்கும்போது உங்கள் கையைக் கவனியுங்கள். பட்டனை அமுக்கிய கை நேராகப் பாக்கெட்டுக்குப் போகும். திரையைத் திறப்போம், புதிதாக ஒன்றும் வந்திருக்காது, உள்ளே வைப்போம். இரண்டு மாடி ஏறுவதற்குள் மறுபடி எடுப்போம். எதையும் பார்க்க வேண்டிய தேவை இல்லை. வெறுமனே நிற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். நான் பழக ஆரம்பித்தது இந்த இடத்தில்தான். கை போவது தெரிந்ததும் அப்படியே நிறுத்திவிட்டு, கதவு திறக்கும்வரை நிற்பது. முதலில் எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலை அடக்கப் பார்க்காதீர்கள், தானாக அடங்கும்.

இது உங்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமோதி வில்சன் குழு 2014-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. காலி அறையில் 15 நிமிடம் தனியாக உட்கார வேண்டும். வேண்டுமானால் ஒரு பட்டனை அமுக்கி லேசாக ஷாக் வாங்கிக்கொள்ளலாம். அந்த ஷாக்கை ஏற்கெனவே வாங்கிப் பார்த்து, இனி படாமலிருக்கக் காசுகூடத் தருவேன் என்று சொன்னவர்கள்தான் எல்லாரும். அப்படியும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் தாங்களாகவே அமுக்கினார்கள்! (ஆண்கள் கணக்கைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை.)

எவ்வளவு நேரம் வேண்டும்? ரொம்ப இல்லை. இசை உடலை என்ன செய்கிறது என்று லூசியானோ பெர்னார்டி குழு அளந்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பாட்டுகளுக்கு நடுவே 2 நிமிடம் மௌனம் விட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இசை தொடங்குவதற்கு முன்பிருந்ததைவிடக் கீழே இறங்கின. அதனால் நாள் முழுக்க ஹெட்ஃபோனில் இருப்பவர்கள் பாட்டை விட வேண்டியதில்லை. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்தி வையுங்கள், போதும்.

யோசனையை நிறுத்த முயல்வது வீண் வேலை. உடம்பை அசையாமல் வைப்பது சுலபம், அதிலிருந்து தொடங்கலாம். மணிக்கட்டில் விரல் வைத்து நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் போவது பலருக்கு விரலிலேயே தெரியும். விடும் மூச்சை நீளமாக்கச் சொல்வது இதனால்தான்.

பேச்சிலும் பழகலாம். எதிரில் இருப்பவர் முடித்தபின் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். நேரில் நன்றாகவே வேலை செய்கிறது, போனில் செய்தால் "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்பார்கள்.

காதில் இரைச்சல் கேட்கும் தொந்தரவு இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: முழு நிசப்தத்தில் அது கூடுதலாகத் தெரியும். ஃபேன் ஓடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். உடம்பு அசையாமல் இருக்க, சத்தமே இல்லாத இடம் தேவையில்லை.