ஆச்சி பதில்கள்: ஒதுங்கி உட்கார்வதா புத்தர் வழி?

கேள்வி: ஆச்சி, வணக்கம். ஒன்றரை வருஷமாகக் காலையிலும் ராத்திரியும் ஃபோனில் மணி வைத்து நாற்பது நிமிஷம் மூச்சைக் கவனித்து உட்காருகிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் எங்கள் ஆத்தாவைப் பார்த்துக்கொள்ள வருகிற அம்மாவுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. இது அண்ணன் கொடுக்கவேண்டிய முறை. கேட்டால் சண்டை, அப்புறம் உட்கார்ந்தால் மனசு நிற்பதில்லை. பற்றில்லாமல் ஒதுங்கிவிடுவதுதானே புத்தர் சொன்னது?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: இல்லை, தம்பி.

துறவிகளுக்கான ஒழுக்க விதிகளைச் சொல்லும் பௌத்த நூலான விநய பிடகத்தில் ஒரு சம்பவம் வரும். ஒரு பிக்கு, அதாவது பௌத்தத் துறவி, வயிற்றுக்கடுப்பில் தன் மலத்திலேயே கிடக்கிறார். அவரால் தங்களுக்கு உபயோகமில்லை என்று மற்றவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. புத்தர் தம் சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிடுகிறார். பிறகு புத்தர் தலைப்பக்கம், ஆனந்தர் கால்பக்கம் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் போடுகிறார்கள். எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று புத்தர் சொன்னது அன்றைக்குத்தான். உங்கள் ஆத்தா கட்டிலருகே அதே வேலையைத்தான் அந்த அம்மா தினமும் செய்கிறார்.

நீங்கள் ஃபோனில் மணி வைத்துச் செய்கிற மூச்சுப் பயிற்சிக்கும் ஒரு கதை உண்டு. வியட்நாம் போரில் குண்டு விழுந்த கிராமங்களுக்குப் போய் வேலை செய்ய, திக் நாட் ஹான் என்ற துறவி இளைஞர்களுக்காக ஒரு சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார். கட்டிய ஊரில் மறுபடி குண்டு விழும், மறுபடி கட்டுவார்கள். அவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள். எந்தப் பக்கமும் சேராததால் இரண்டு பக்கமும் அவரைச் சந்தேகப்பட்டது. 1966-இல் வெளியே போனவர் 2005-இல்தான் சொந்த மண்ணை மிதிக்க முடிந்தது. மூச்சைக் கவனிப்பது பற்றி அவர் எழுதி உலகமெங்கும் புத்தகமாகப் போனது, முதலில் 1974-இல் அந்தப் பள்ளிக்காரர் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதம். நடுவே நின்று வேலை செய்கிறவன் கசந்து போகாமல் இருக்கச் சொல்லிக்கொடுத்த மூச்சு அது. இன்றைக்கு அதை வெட்டி எடுத்து, தூக்கம் வருவதற்கும் ஆபீஸ் டென்ஷன் குறைவதற்கும் என்று விற்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

நானும் உட்காருகிறவள்தான். விடியற்காலையில் எங்கள் வளவுத் தாழ்வாரத்தில் ஒரு தூணருகே உட்காருவேன். மூன்று தலைமுறைக் கை பட்டுப்பட்டு, எண்ணெய் ஏறி, இடுப்புயரத்தில் மட்டும் அது கறுத்து வழவழவென்று இருக்கும். பர்மாத் தேக்கு. அங்கே லேவாதேவி செய்த என் ஐயா அனுப்பியது. 1930-இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நம்மவர்கள், அதாவது வட்டிக்குக் கொடுத்த செட்டியார்கள், கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு போல. நெல் விலை விழுந்தது, பயிர் வைத்த பர்மியச் சம்சாரியால் கடனை அடைக்க முடியவில்லை, அடமானம் வைத்த வயல் லேவாதேவிக் கடைக்கு வந்தது. 1937-க்குள் அது 25 பங்கு ஆகிவிட்டது. நம்மவர்களில் பலருக்கு வேண்டியது வயல் இல்லை, கொடுத்த பணம்தான். ஆனாலும் போனது போனதுதானே? அந்தச் சம்சாரி தினமும் காலையில் பிக்குவின் பாத்திரத்தில் சோறு இட்டவன். இது தெரிந்த நாளிலிருந்து, அந்தத் தூணருகே வருகிற அமைதியை முழுக்க என்னுடையது என்று என்னால் நினைக்க முடிவதில்லை.

காப்பியத்தில் மணிமேகலைக்குப் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லிக்கொடுப்பது பன்னிரு சார்பு. ஒன்றைச் சார்ந்துதான் இன்னொன்று தோன்றும். அவளும் பசித்தவருக்குச் சோறு போட்டதோடு நிற்கவில்லை, சிறைச்சாலையான சிறைக்கோட்டத்தை, அறம் செய்யும் இடமான அறக்கோட்டமாக்கித் தரும்படி அரசனிடமே கேட்டாள். தம்பி, உங்கள் நாற்பது நிமிஷம் ஆத்தாவைப் புரட்டிப் படுக்கவைக்கிற அந்த அம்மாவின் கையைச் சார்ந்து நிற்கிறது. அந்தக் கைக்கு மூன்று மாதமாகக் கூலி இல்லை. மனசு நிற்காததற்குக் காரணம் சண்டை மட்டும்தானா?

உட்காருவதை விடவேண்டாம். பாக்கியை நாளைக்கே நீங்கள் கொடுத்துவிடுங்கள், கணக்கை அண்ணனோடு அப்புறம் பேசிக்கொள்ளலாம். பேசும்போது குரல் உயர்ந்தால் அங்கேயே மூன்று மூச்சு விட்டுவிட்டுத் தொடருங்கள். மாதம் எந்தத் தேதி, எவ்வளவு, வாரத்தில் எந்த நாள் லீவு என்பதை அந்த அம்மாவையும் உட்காரவைத்து முடிவு செய்யுங்கள். அவருக்கு லீவு விடுகிற நாளில் ஆத்தாவின் துணியை மாற்றுவது நீங்களாக இருக்கட்டும்.