காய்ச்சல் இல்லன்னா மூளையில சீழ் இல்லன்னு அர்த்தமா?

அண்ணனுக்கு பல வருஷமா இடது காதுல சீழ் வடியுது, மூணு வாரமா தலைவலி, போன வாரம் ஃபிட்ஸ், இப்ப வலது கை தளருது, பேசும்போது வார்த்தை சிக்க மாட்டேங்குது, சிடி ஸ்கேன்ல வளையம் மாதிரி ஒரு கட்டி, ஒருத்தர் ட்யூமர்ங்கிறார், இன்னொருத்தர் காய்ச்சலே இல்லையே எப்படி சீழா இருக்கும்ங்கிறார், ஆபரேஷன் வேணுமான்னு கேட்டிருக்கீங்க.

கை தளர ஆரம்பிச்சாச்சுன்னா வீட்டுல வச்சுப் பாக்குற விஷயம் இல்ல, நியூரோ சர்ஜனும் ஐசியூவும் இருக்குற ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. மூளைச் சீழ்க்கட்டி வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு காய்ச்சல் இருக்காது, ரத்த டெஸ்ட்டும் நார்மலா வரலாம். எனக்கு சந்தேகம் அந்தக் காது மேலதான். காதுக்கு மேல மெல்லிசா ஒரு எலும்பு, அதுக்கு அந்தப்பக்கம் மூளையோட டெம்போரல் பகுதி, பெரும்பாலானவங்களுக்கு பேச்சுக்கான இடம் இடது பக்கம்தான். நாள்பட்ட காதுச் சீழ் எலும்பை அரிச்சா அங்கதான் போய் சேரும். இத்தனை பேர் பாத்திருக்காங்க, ஒருத்தர்கூட காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்த மாதிரி தெரியல, ஸ்கேன் சீட்டுலயும் வெறும் 'தலைவலி'ன்னு எழுதி அனுப்பிடுறாங்க, அப்புறம் ரேடியாலஜிஸ்ட் என்னத்தைக் கண்டுபிடிப்பார்?

வளையம் ட்யூமர்லயும் வரும், டிபி கட்டியிலயும் வரும். காண்ட்ராஸ்ட், அதாவது படம் தெளிவா தெரிய நரம்புல ஏத்துற மருந்து, போட்டு எம்.ஆர்.ஐ எடுக்கணும், அதுல டிஃப்யூஷன்னு ஒரு படம் கட்டாயம் இருக்கணும். சீழ் கெட்டியா இருக்கறதால அந்தப் படத்துல கட்டியோட நடுப்பகுதி பளிச்சுன்னு வெள்ளையா தெரியும், ட்யூமர்ல பெரும்பாலும் அப்படி வராது. முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்கலாம்னு யாராவது சொன்னா, தலையில கட்டி இருக்குன்னு உடனே சொல்லுங்க, அழுத்தம் இருக்கும்போது எடுத்தா மூளை கீழ இறங்கி உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷன்னா தலையை முழுசா திறக்கறதுன்னு பயப்படாதீங்க, பெரும்பாலும் சின்ன துளை போட்டு ஊசியால சீழை உறிஞ்சி எடுக்கறதுதான். எடுத்த சீழை ஃபார்மலின், அதாவது சதை கெடாம வைக்கிற மருந்து, இருக்குற பாட்டில்ல மட்டும் போட்டு பயாப்ஸிக்கு அனுப்பிட்டா கிருமி செத்துடும், கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பாக்குற டெஸ்ட், பண்ண முடியாது, எந்த மருந்து வேலை செய்யும்னு தெரியாமலே போயிடும். இது இன்னும் நடக்குதுங்கறதுதான் கோபமா வருது. உள்ள போறதுக்கு முன்னாடியே கேளுங்க, கல்ச்சருக்கு தனி பாட்டில் போகுதா, டிபிக்கும் பாக்குறாங்களான்னு.

ஆபரேஷன் இல்லாம மருந்துலயே சரியாகாதான்னா, சிலருக்கு ஆகும். கட்டி 2.5 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், ஆள் தெளிவா இருக்கணும், முடிஞ்சா ரத்தத்துலயோ காதுச் சீழ்லயோ கிருமி எதுன்னு தெரிஞ்சிருக்கணும், வாரம் ஒரு தடவையாவது ஸ்கேன் எடுத்துப் பாக்கணும், நடுவுல கட்டி பெருசானாலோ ஆள் மந்தமானாலோ அன்னைக்கே ஊசி போட்டு எடுத்துடணும். இத்தனையும் சேர்ந்தாத்தான். கை தளர்ற ஆளுக்கு இதை நம்பி உக்காரக் கூடாது, ரிப்போர்ட்ல அளவு என்ன போட்டிருக்குன்னு மொதல்ல பாருங்க.

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல வாங்கிட்டு, 'ட்யூமர்தான், ரெண்டு நாள்ல பேக்கேஜ்ல முடிச்சுத் தர்றோம்'னு ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்குற ஏஜென்ட் உங்களையும் தேடி வருவான். ஆள் எவ்வளவு மூச்சு விடாம பேசினாலும் ஸ்கேன் படத்தையும் அது பதிஞ்ச டிஸ்க்கையும் குடுக்காதீங்க, அவனுக்குக் கமிஷன்தான் கணக்கு. வெறும் ஸ்டீராய்டு மாத்திரை போட்டு தலைவலி குறைஞ்சதும் குணமாயிடுச்சுன்னு நம்பாதீங்க, அது வீக்கத்தை அமுக்கும், கிருமியைக் கொல்லாது.

ஆன்டிபயாடிக் வழக்கமா 6ல இருந்து 8 வாரம், நரம்பு வழியா. பத்து நாள்ல ஆள் நல்லா எழுந்து உக்காருவார், அப்பதான் வீட்டுக்குப் போலாம்னு கேப்பார், விடாதீங்க. காதுல இருக்குற மூலத்தை ஈ.என்.டி டாக்டர் ஆபரேஷன் பண்ணி எடுக்காம விட்டா கட்டி திரும்ப வர வாய்ப்பிருக்கு, அதனால டிஸ்சார்ஜ் சீட்டுல காதுக்கு எந்தத் தேதியில, யார் பாக்கப் போறாங்கன்னு எழுதி வாங்கிட்டு கிளம்புங்க. ஃபிட்ஸ் மாத்திரையை டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க, அதுவரைக்கும் வண்டி ஓட்டவும் விடாதீங்க.