பட்டியலில் 42 கைக்குழந்தைகள்

கேள்வி: அமெரிக்காவில் தெருவை ஆட்டிப்படைக்கும் ரவுடிக் கும்பல்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்களாம். குத்தியிருக்கும் பச்சை, போட்டிருக்கும் சட்டை, யாரோடு சுற்றுகிறான் என்பதை வைத்தே போலீஸ் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறதாம். நம் ஊரிலும் இப்படி ஒரு பட்டியல் வந்தால் பாதி ரவுடித்தனம் ஒழிந்துவிடாதா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பட்டியல் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரியும். பெயரைச் சேர்க்க ஒரு நிமிடம் போதும், நீக்க ஒரு ஆயுள் போதாது. உதவித்தொகைப் பட்டியலில் 'இறந்தவர்' என்று எழுதப்பட்டு, தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் பாட்டிகளைப் பற்றி இங்கே எழுதியபோது, 'ஒன்றிரண்டு தப்புக்காகப் பட்டியலே கூடாதா' என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

நீங்கள் கேள்விப்பட்ட மாதிரியான பட்டியல் ஒன்று கலிபோர்னியாவில் இருக்கிறது. பெயர் கால்கேங். 2016-ல் அந்த மாநிலத்தின் தணிக்கை அதிகாரி அதைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் 42 பேருக்கு, பெயர் சேர்த்த அன்று ஒரு வயதுகூட நிரம்பவில்லை என்று பதிவு சொன்னது. அந்த 42 பேரில் 28 பேரைச் சேர்த்ததற்கு எழுதியிருந்த காரணங்களில் ஒன்று, கும்பலில் இருப்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்பது. பேச்சே வராத குழந்தை எதை ஒப்புக்கொள்ளும்? பிறந்த தேதியைத் தப்பாகத் தட்டியிருப்பார்கள் என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் அந்த வரியை அதற்குப் பிறகு ஒரு மேலதிகாரிகூடப் படித்துப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? குழந்தையின் வயதையே சரிபார்க்காதவர்கள், இருபது வயது இளைஞன் யாரோடு நின்றான் என்பதையா சரிபார்த்திருப்பார்கள்? ஐந்து வருடத்தில் புதிதாக ஒன்றும் பதிவாகவில்லை என்றால் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று விதி இருந்தது. 600 பேருக்கு மேல் அந்தக் கெடுவைத் தாண்டியும் உள்ளேயே வைத்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு நீக்க வேண்டிய தேதி நூறு வருடத்துக்கு அப்பால் போட்டிருந்தது.

சரி, பெயர் எப்படி உள்ளே போகிறது? பச்சை, உடை, கை ஜாடை, கும்பல் புழங்கும் இடத்தில் அடிக்கடி தென்படுவது, கும்பல் ஆட்களோடு காணப்படுவது என்று சில அடையாளங்கள் வைத்திருந்தார்கள். இரண்டு பொருந்தினால் போதும். குற்றம் செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அண்ணன் கும்பலில் இருக்கிறான், தம்பி அதே வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறான் என்றால் அந்தத் தம்பிக்கு ஒரு அடையாளம் வீட்டு வாசலிலேயே கிடைத்துவிடும். தெருமுனையில் நின்றால் இரண்டாவது.

கும்பல் என்பதே கற்பனை என்று நான் சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் அவர்களால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் அதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். சட்டம் வேண்டும். 1988-லேயே கலிபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. மூன்று பேரோ அதற்கு மேலோ, பொதுவாக ஒரு பெயர் அல்லது சின்னம், சட்டம் குறிப்பிடும் குற்றங்களைச் செய்வது முக்கிய வேலைகளில் ஒன்று, அதைத் தொடர்ந்து செய்திருக்க வேண்டும் என்று வரையறுத்தது. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கும்பலுக்காகச் செய்த கொடுங்குற்றம் என்று முடிவானால் தண்டனையில் கூடுதலாகப் பத்து வருடம் ஏறும். அதை நிரூபிக்கக் கூண்டில் ஏறியவர் பெரும்பாலும் 'கும்பல் நிபுணர்' என்ற பெயரில் வந்த போலீஸ்காரர். 2022 ஜனவரியில்தான் அந்த வரையறையை இறுக்கினார்கள். கும்பல் ஒழுங்குபட்ட அமைப்பாக இருக்க வேண்டும், அதன் ஆட்கள் சேர்ந்து குற்றம் செய்திருக்க வேண்டும், கும்பலுக்குக் கிடைத்த லாபம் வெறும் பேர் வாங்குவதாக மட்டும் இருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு கேட்டால் முதலில் குற்றத்தை மட்டும் விசாரிக்க வேண்டும், கும்பல் பேச்சு அதற்குப் பிறகுதான். 34 வருடம் கழித்து வந்த புத்தி. அதற்குள் எத்தனை பேரின் இளமை சிறையில் போயிருக்கும்!

இதில் எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் அமெரிக்கா மட்டும் அல்ல. உங்கள் திண்டுக்கல்லிலிருந்து உசிலம்பட்டி தூரமில்லை. 1871-ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், எந்த ஒரு இனத்தையோ கும்பலையோ வகுப்பையோ குற்றத்துக்குப் பழகியவர்கள் என்று அரசு அறிவிக்கலாம் என்றது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த வீடே அடையாளமானது. பதிவேட்டில் கைரேகை வைக்க மாட்டோம் என்று ஊர் மக்கள் சொன்னதற்காக 1920 ஏப்ரல் 3-ல் உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அந்தச் சட்டத்தை நம் மாகாணத்தில் ஒழிக்க 1947 வரை ஆனது. பட்டியல் போட்டு ஆளைப் பிடிக்கலாம் என்று இந்த மண்ணிலிருந்து யார் சொன்னாலும் முதலில் பெருங்காமநல்லூருக்கு ஒரு நடை போய்விட்டு வந்து சொல்லட்டும்.

கடைசியாக, அதே கலிபோர்னியாவில் நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். கால்கேங்கில் பெயர் சேர்க்குமுன் சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும் என்ற விதி 2014-ல் சிறுவர்களுக்கும் 2017-ல் பெரியவர்களுக்கும் வந்தது. 2019-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தாய்க்கு, உங்கள் மகன் கும்பலைச் சேர்ந்தவன் என்று கடிதம் வந்தது. அவர் சும்மா இருக்கவில்லை, புகார் கொடுத்தார். மேலதிகாரி ஒருவர் போலீஸ்காரர் உடம்பில் மாட்டியிருந்த கேமராவின் பதிவைப் போட்டுப் பார்த்தார். எழுதியதும் நடந்ததும் ஒத்துவரவில்லை. விசாரணை விரிந்தது. 2020 ஜூலையில், லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் ஏற்றிய பதிவுகள் எதையும் இனி யாரும் பயன்படுத்தக் கூடாது என்று மாநில அட்டர்னி ஜெனரல் உத்தரவிட்டார். நம் ஊரில் ரவுடி பட்டியல் இப்போதும் காவல் நிலையங்களில் இருக்கத்தான் செய்கிறது. உங்களுக்கு இன்னொன்று வேண்டுமென்றால், அந்தத் தாய்க்கு வந்தது போன்ற கடிதமும் அதை எதிர்த்து முறையிட ஒரு நீதிபதியும் சேர்த்துக் கேளுங்கள். நானும் உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன்.