‘இந்தியா’ முத்திரை குத்திய மராட்டிய வாள்

கேள்வி: வீட்டில் மாட்டி வைக்க ஆன்லைனில் ஒரு தல்வார் (வளைந்த அலகுள்ள இந்திய வாள்) வாங்கினேன். ‘மராட்டியர் காலம், 250 வருடம் பழசு, அசல் டமாஸ்கஸ் உருக்கு’ என்று போட்டிருந்தார்கள். விலை 38,000 ரூபாய். கைப்பிடி பித்தளை. அதை ஒட்டி, அலகில் ஆங்கிலத்தில் ‘இந்தியா’ என்று பாதி தேய்ந்த எழுத்து தெரிகிறது. விவரம் தெரிந்த நண்பர் ஒருவர், “அலகின் வால் கைப்பிடிக்குள் கடைசிவரை போகவில்லை, இது டூப்ளிகேட்” என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? (கோவை வாசகர்)

பதில்: நண்பரின் முடிவு சரி, காரணம்தான் தவறு.

வால், அதாவது கைப்பிடிக்குள் போகும் அலகின் அடிப்பகுதி, கடைசிவரை ஓட வேண்டும் என்பது ஐரோப்பிய வாள்களை வைத்துச் சொல்லும் கணக்கு. தல்வாருக்கு அது பொருந்தாது. பழைய பட்டறைகளில் அலகின் வாலைக் குட்டையாக விட்டு, உள்ளே குழிவான இரும்புக் கைப்பிடியில் சூடான அரக்குக் கலவையை நிரப்பி, அதில் செருகி இறுக விடுவார்கள். அசல் தல்வார்கள் அப்படித்தான் இருக்கும். சொல்லப்போனால், கைப்பிடியின் உச்சியில் இருக்கும் வட்டத் தட்டின் நடுவே மரையும் நட்டும் தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் வாளைக் காட்டிக்கொடுப்பது அந்த ‘இந்தியா’தான். இறக்குமதியாகும் பொருளில் அது எந்த நாட்டுச் சரக்கு என்று ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும் என 1890இல் அமெரிக்கா ஒரு சுங்கச் சட்டம் போட்டது. வெளிநாட்டுச் சந்தைக்கென்று செய்த அலங்கார வாள்களில் நாட்டின் பெயரைக் குத்தும் வழக்கம் அதிலிருந்து வந்தது. மராட்டிய அரசின் பிரதம மந்திரியான பேஷ்வாவின் சிப்பாய்க்கு வாள் அடித்த கொல்லனுக்கு அதில் ஆங்கிலத்தில் ஊர் பெயர் குத்த என்ன அவசியம்? பாதி தேய்ந்திருக்கிறது என்கிறீர்கள். யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்து, பொறுமை போய் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அப்புறம் டமாஸ்கஸ் உருக்கின் அடையாளமாகச் சொல்லும் அந்த அலை அலையான வரிகள். டமாஸ்கஸ் என்ற பெயர் சிரியாவின் நகரத்துடையது. அந்தப் புகழுக்குக் காரணமான உருக்குக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை. மூசையில் (உலோகம் உருக்கும் பாத்திரத்தில்) உருக்கி எடுத்த அந்த உலோகத்துக்குள்ளேயே வரி இருக்கும். அலகை மெருகேற்றி லேசாக அமிலம் தடவினால் மறுபடி எழும்பி வரும். இன்று டமாஸ்கஸ் என்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி, சூட்டில் அடித்து ஒட்டியது. அதுவும் நல்ல வேலைதான், ஆனால் வேறு வேலை. இன்னும் மட்டமான ரகம் ஒன்று உண்டு: சாதா எஃகின் மேல் அமிலத்தால் வரைந்த கோலம். தேய்த்தால் போய்விடும், திரும்ப வராது. தேய்த்துப் பார்க்கலாமே என்று கிளம்பிவிடாதீர்கள். புகார் முடியும்வரை வாள் வந்தபடியே இருக்கட்டும்.

சரி, பணம். ‘250 வருடம்’ என்று அவர்கள் எழுதி வைத்ததுதான் உங்கள் பிடி. விளம்பரப் பக்கத்தை, அவர்கள் அழிப்பதற்குள், ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பில், பார்சல் பிரித்தபோது எடுத்த படம், அந்த முத்திரையின் குளோசப் எல்லாம் சேர்த்து விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். கூடவே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தொல்பொருள் விற்க நீங்கள் வாங்கிய உரிமத்தின் எண் என்ன?” 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத இத்தகைய பொருளை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். வாள் பழசு என்று சாதித்தால் உரிமத்தைக் காட்ட வேண்டும், பழசில்லை என்றால் பணத்தைத் தர வேண்டும். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேர் இறங்கி வருவார்கள். வரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இதில் நானும் அடிபட்டவன். ராஜஸ்தானில் சாலையோரக் கைவினைக் கடையொன்றில் ‘ராஜா வீட்டு’க் கட்டாரி (குத்துவாள்) என்று வாங்கினேன். இரும்பில் ஏறியிருந்த கருமை அவ்வளவு அழகு. ரூமுக்கு வந்து கை கழுவிய பிறகும் விரலில் பூட் பாலிஷ் வாசனை போகவில்லை.

கேள்வி: வாளை வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் கேஸ் ஆகுமா? லண்டனில் இருக்கும் மச்சானுக்கு ஒன்று அனுப்பலாமா?

பதில்: ஆயுதச் சட்டத்தின் விதிகளில் வாள், குத்துவாள், ஈட்டி எல்லாம் வருகின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு என்பது அளவு. வீட்டு வேலை, விவசாயக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. இவற்றை வைத்திருக்க உரிமம் கட்டாயமா என்பது, உங்கள் பகுதிக்கு மத்திய அரசு அறிவிக்கை போட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. “லைசென்ஸே வேண்டாம் சார்” என்று விற்பவர் சொல்வதை நம்பாமல், கலெக்டர் அலுவலகத்திலோ கமிஷனர் அலுவலகத்திலோ எழுதிக் கேட்டு, பதிலை ஃபைலில் வையுங்கள். கூர் தீட்டாத அலங்கார வாள் தலைவலி குறைவு. எதுவானாலும் ஊர்வலத்துக்கோ ரீல்ஸுக்கோ தெருவுக்கு எடுத்து வராதீர்கள்.

மச்சானுக்கு: நூறு வருடம் தாண்டியதைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. புது வாளாக இருந்து பார்வைக்குப் பழசு போலத் தெரிந்தால், ‘இது தொல்பொருள் அல்ல’ என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிவிட்டு அனுப்புங்கள். அதற்கு முன், பிரிட்டன் சுங்கம் இதை உள்ளே விடுமா என்று அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தாத்தாவின் வாளில் துரு. ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, வாளுக்கு எமன். புளியின் அமிலம் பழைய கருமையையும், கைப்பிடியில் பொன் கம்பி வேலை இருந்தால் அதையும் சேர்த்துக் கிளப்பிவிடும். செந்நிறமாகப் பொடி உதிரும் துருவுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் தடவி ஒருநாள் விட்டு, பருத்தித் துணியால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசுபிசுத்துத் தூசு பிடிக்கும். முக்கியமாக, தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும். உறையைத் தனியே மாட்டுங்கள்.

கேள்வி: அசலை எங்கே பார்க்கலாம்?

பதில்: சென்னை எழும்பூர் அருங்காட்சியகம். 1855இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்த பிறகு, அரண்மனை ஆயுதக் கிடங்கில் இருந்தவற்றில் பெரும்பகுதியை ஆங்கிலேயர் பழைய இரும்பாக உடைத்துத் தள்ளினார்கள். தப்பியவற்றில் சில அங்கே இருக்கின்றன. அலகைவிடக் கைப்பிடியைப் பாருங்கள். நம் கை நுழையுமா என்று தோன்றும் அளவுக்குச் சின்னதாக இருக்கும். தாராளமாகக் கை நுழைகிற ‘பழைய’ தல்வாரை யாராவது அடுத்தமுறை நீட்டினால், விலை பேசுவதற்கு முன் அது நினைவுக்கு வரட்டும்.