கனிய வள ஆய்வுத் துறைக்கு மகளை அனுப்பலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் தோற்றியுள்ள தங்கள் மகள் கனிய வள ஆய்வைப் படிக்க விரும்புவதும், கிரவலும் மணலும் ஏற்றிச் செல்லும் டிப்பர்களைக் கண்டு வெறுத்துப்போன தங்களுக்கு அதில் உடன்பாடு இல்லாததும் கடிதத்திலிருந்து விளங்குகின்றன. அந்த வெறுப்பு நியாயமானதே. ஆயினும் ஆய்வு வேறு, அகழ்வு வேறு. இலங்கையின் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியப்பொருட்கள் சட்டத்தின்கீழ் இரண்டுக்கும் தனித்தனி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். ஓரிடத்தைத் தோண்டுவதில் பயனில்லை என்று தரவுகளோடு எழுதிக் கொடுப்பதும் ஆய்வாளரின் வேலைதான்.

தங்களுக்குப் பழக்கமான கொக்கிளாய், புல்மோட்டைக் கரையையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகிய பாரமான கனியங்கள் இருக்கின்றன. இல்மனைட்டின் ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு பாரம் என்பது) ஏறத்தாழ 4.7, சாதாரண வெண்மணலான குவார்ட்சுக்கு 2.65. அதனால் அலை இலேசானதை அள்ளிச் செல்ல, பாரமானது கரையில் தங்குகிறது. ஆய்வாளர் கரையைக் கட்டங்களாகப் பிரித்துத் துளையிட்டு, ஆழ வாரியாக மணல் எடுத்து, கழுவி, காந்தத்தால் பிரித்து, நிறுத்துப் பதிவுசெய்கிறார். இரு துளைகளுக்கு இடைப்பட்ட அளவைக் கணினி மதிப்பிடுகிறது. ஆனால் வாடைக்காற்றுக் காலக் கடல் ஒதுக்கிவிட்ட மெல்லிய கரும்படையை மட்டும் அள்ளிவந்து கணினிக்குக் கொடுத்தால், எவ்வளவு திறமான மென்பொருளும் இல்லாத வளத்தை இருப்பதாகவே காட்டும். அந்தப் படை எந்த மாதம் வரும், எப்போது கரையும் என்பது கரைவலை இழுப்பவருக்குத் தெரியும். அவர் சொல்வதை அப்படியே முடிவாகக் கொள்ளாமல், திகதியோடு குறித்துக்கொண்டு, அடுத்த துளையை எங்கே, எப்போது இடுவது என்பதற்கு வழிகாட்டியாகக் கொள்வதே முறை. வன்னியில் இன்னொன்றும் உண்டு: கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலம்தானா என்பதை உறுதிசெய்யாமல் எந்தத் துளையும் இடக்கூடாது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பாறைகளையும் நில அமைப்பையும் பற்றிய புவிச்சரிதவியலும் மொறட்டுவையில் புவிவளப் பொறியியலும் கற்பிக்கப்படுகின்றன. படிப்பு முடிந்தவுடன் நாட்டுக்குள்ளேயே கனிய ஆய்வு வேலை கிடைத்துவிடும் என்று நான் உறுதி கூறமாட்டேன். அந்த இடங்கள் குறைவு. ஆனால் நிலத்தடி நீர் தேடவும், பாலத்துக்கும் கட்டடத்துக்கும் அத்திவார நிலத்தைச் சோதிக்கவும் இதே அறிவு தேவைப்படுவதால் கைவசம் மாற்றுவழி இருக்கும். பெண்பிள்ளை நாட்கணக்கில் வெளிக்களத்தில் தங்கவேண்டி வரும் என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

பெறுபேறு வரும்வரை மகளை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். ஊரிலுள்ள கிணறுகளின் சொந்தக்காரர்களிடம் அனுமதி கேட்டு, எத்தனை அடியில் பாறை வந்தது, கோடையில் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது, உவர்க்கிறதா என்று விசாரித்து, இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் வரைபடமாக்கட்டும். வெட்டியவர் சொன்ன ஆழமும் கயிறு விட்டு அளந்த ஆழமும் ஒத்துவராத இடத்தில் மீண்டும் போய் அளக்கும் பொறுமை அவருக்கு இருந்தால், தயங்காமல் அனுப்பலாம். பத்துக் கிணற்றுக்குள் அலுத்துவிட்டால், கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தை விருப்ப வரிசையில் மேலே எழுதச் சொல்லுங்கள்.